மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் தரக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கற்றுக்கொடுப்பது எப்படி: பன்னிரண்டு வார முழு வழிகாட்டி

தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: இரண்டு நாள், ஏழு கருவிகள், இருநூறு ஸ்லைடு, கடைசியில் ஒரு சான்றிதழ். மூன்று மாதம் கழித்து ஷாப் ஃப்ளோருக்குப் போனால் சுவரில் அன்று வரைந்த மீன்முள் வரைபடம் (காரணங்களை மீன் எலும்பு போலக் கிளைகளாக அடுக்கும் படம்) தூசு படிந்து தொங்கும். ரிஜெக்‌ஷன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்குக் கருவிகளின் கடினம் காரணம் அல்ல. பள்ளிக் கணக்குத் தெரிந்த எவரும் ஏழு கருவிகளையும் ஒரே நாளில் வரையக் கற்றுவிடலாம். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பதும், வரைந்து வைத்ததைப் பார்த்து மேலாளர் என்ன கேட்க வேண்டும் என்பதும்தான் கைக்கு வராமல் போகின்றன. எனவே இந்தத் திட்டத்தில் வகுப்பு நேரம் குறைவு, வேலை நேரம் அதிகம். மேலாளர்களுக்கு 1 நாள். பொறியாளர்களுக்கு மூன்று தவணையாக 5 நாள். தவணைகளுக்கு நடுவே அவரவர் பிரச்சினையில் உண்மையான வேலை.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோகிறோம்: லேத்தில் கடையும் எஃகு ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 25.00 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதித்த விலகல்) கூட்டியும் குறைத்தும் 0.05, மாதம் 30,000 துண்டு. எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை. ஆனால் கணக்கு முழுக்கப் பொருந்தும்; அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம்.

மேலாளர்கள் ஏன் முதலில்

பொறியாளர்களை முதலில் அனுப்புவதுதான் வழக்கமான தவறு. பொறியாளர் கன்ட்ரோல் சார்ட் (இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் எல்லைக் கோடுகளால் பிரித்துக் காட்டும் படம்) கற்றுக்கொண்டு திரும்புகிறார், மேலாளரோ மறுநாள் காலைக் கூட்டத்தில் "நேற்று ஏன் இரண்டு சதவீதம் கூடியது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். பத்து நாள் இப்படிப் போனால் சார்ட் அலமாரிக்குள் போய்விடும்.

இது புதிய அனுபவமும் அல்ல. அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் முதல் கன்ட்ரோல் சார்ட்டை 1924 மே மாதத்தில் ஒரு சிறு குறிப்பாக எழுதிக் கொடுத்தார். 1950-இல் இன்னோர் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானில் புள்ளியியல் வகுப்புகள் எடுத்தார். பொறியாளர்கள் ஆர்வமாகக் கற்றார்கள். ஆனால் 1954-இல் தர மேலாண்மை ஆலோசகர் ஜோசப் ஜூரன் வந்து, தரத்தை நிர்வகிப்பது மேலாளரின் வேலை என்று அவர்களுக்கே வகுப்பெடுத்த பிறகுதான் அந்த அறிவு ஆய்வுப் பிரிவைத் தாண்டி நிறுவனம் முழுவதும் பரவத் தொடங்கியது. தொழிலாளர்களின் தர வட்டங்கள் (தம் வேலையின் தரப் பிரச்சினைகளைத் தாமே பேசித் தீர்க்கும் சிறு குழுக்கள்) அதற்கும் பிறகு, 1962-இல் வந்தன.

வகுப்புக்கு மூன்று வாரம் முன்பு

ஒரு தொகுதிக்கு 16 பேர், நான்கு குழு, குழுவுக்கு 4 பேர். 20-ஐத் தாண்டினால் பயிற்சிகளில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். குழுவில் உற்பத்தி, தரம், பராமரிப்பு மூன்றிலிருந்தும் ஆள் வேண்டும். அந்த இயந்திரத்தை ஓட்டும் சூப்பர்வைசரோ மூத்த ஆபரேட்டரோ ஒருவராவது இருந்தால்தான் ஊகங்கள் தரையில் நிற்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேலாளர் பொறுப்பு. அவர் பெயர் எழுத்தில் இருக்கட்டும்.

பயிற்சியின் தலைவிதி பிரச்சினைத் தேர்வில் இருக்கிறது. நல்ல பிரச்சினை வாரம் ஒருமுறையாவது நிகழும், எண்ணவோ அளக்கவோ முடியும், குழுவின் கைக்கு எட்டும். முக்கியமாக, அதன் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாடிக்கையாளர் புகாரைக் கொண்டுவந்தால் 12 வாரத்தில் தரவே சேராது. "புது இயந்திரம் வேண்டும்" என்று முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கு ஆதாரம் திரட்ட வரும் குழுவும் உண்டு. அதை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தீர்வு தெரிந்த வேலைக்குத் திட்டப்பணி போதும்.

பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பொருள், என்ன குறை, எங்கே, எவ்வளவு, எவ்வளவுக்குக் குறைய வேண்டும் என்பவை இருக்க வேண்டும்; காரணமும் தீர்வும் இருக்கக் கூடாது. "ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி போதாததால் ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகிறது" என்ற வாக்கியத்தில் காரணம் ஒளிந்திருக்கிறது. "இரண்டு லேத்களில் பேரிங் இருக்கை விட்டம் 24.95-க்குக் கீழே போவதால் மாதம் 60 ஷாஃப்ட் ஸ்கிராப் ஆகிறது, 12 வாரத்தில் இது 10-க்குள் வர வேண்டும்" என்பது சரியான வாக்கியம். இதற்கு வந்து சேர இரண்டு மூன்று முறை திருப்பி எழுத வேண்டியிருக்கும், அதுவும் பயிற்சிதான்.

மேலாளர்களின் நாள்

காலையில் டெமிங்கின் சிவப்பு மணிப் பயிற்சி. தேவை: ஒரே அளவு மணிகள் 4,000, அதில் 800 சிவப்பு, 3,200 வெள்ளை, 50 குழி உள்ள ஒரு தட்டு, மணிகளைக் கொட்ட ஒரு தொட்டி. மேலாளர்களில் ஆறு பேர் தொழிலாளிகள், இரண்டு பேர் இன்ஸ்பெக்டர்கள், ஒருவர் கணக்கெழுதுபவர், பயிற்றுநர் முதலாளி. ஒவ்வொரு "நாளும்" ஆளுக்கு ஒருமுறை தட்டை அமிழ்த்தி 50 மணி எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல பொருள், சிவப்பு குறை. நான்கு நாள் ஓட்டுங்கள். குறைவான சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுங்கள். அதிகம் எடுத்தவரைக் கண்டியுங்கள். மூன்றாம் நாள் முடிவில் கீழ்நிலை மூவரை வேலையை விட்டு அனுப்பி, மிஞ்சியவர்களை இரட்டை ஷிஃப்ட் பார்க்கச் சொல்லுங்கள். இதன் பாடம் என்ன என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள், மூன்றாம் நாள் உண்மையிலேயே சிலருக்குக் கோபம் வரும்.

பிறகு 24 எண்களையும் கோட்டுப்படமாக வரையுங்கள். சராசரி 10-ஐ ஒட்டி வரும். சிவப்பின் பங்கு 20 சதவீதம், மாதிரி 50 என்றால் கன்ட்ரோல் எல்லைகள் 10-க்கு இருபுறமும் 8.5, அதாவது 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது அமைப்பின் இயல்பு. பாராட்டு, கண்டிப்பு, பணிநீக்கம் எதற்கும் சிவப்பு மணியோடு தொடர்பே இல்லை. இதை நீங்கள் விளக்க வேண்டாம். படத்தைக் காட்டி, "நேற்று யாரைக் கண்டித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பிற்பகலில் அவர்களுடைய சொந்த எண்கள். ஒவ்வொருவரும் தாம் மாதாமாதம் அறிக்கையில் காட்டும் ஓர் அளவின் 24 மாதத் தரவோடு வர வேண்டும். அதைத் தனிமதிப்பு–நகரும் வீச்சு சார்ட்டாகக் கையாலேயே வரைய வையுங்கள். அடுத்தடுத்த மாதங்களின் வித்தியாசத்தைக் குறியில்லாமல் எழுதுங்கள். அவற்றின் சராசரியை 2.66-ஆல் (இந்தச் சார்ட்டுக்கான மாறிலி) பெருக்குங்கள், மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் கோடு போடுங்கள். மாதப் புகார்களின் சராசரி 40, நகரும் வீச்சின் சராசரி 6 என்றால் எல்லைகள் 24, 56. சென்ற மாதம் 52 வந்ததற்காக விளக்கக் கடிதம் கேட்டிருந்தால், சும்மா இருந்த அமைப்பிடம் கடிதம் கேட்டதாக அர்த்தம். மேலாளர்களுக்கு ஒரே ஒரு கருவிதான் கற்றுத்தர முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். இதன் விளைவு மறுநாள் காலைக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

நாளின் கடைசி ஒரு மணி நேரம் மதிப்பாய்வுக் கேள்விகளுக்கு. வாரம் 20 நிமிடம், இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று குழுவிடம் கேட்க வேண்டியவை: இந்த வாரம் எதைச் சோதித்தீர்கள்? என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது? எந்தக் காரணத்தை விலக்கினீர்கள், எந்த ஆதாரத்தில்? நான் எந்தத் தடையை விலக்கித் தர வேண்டும்? "எப்போது முடியும்?" என்ற கேள்வி பட்டியலில் இல்லை. அதை முதலில் கேட்கும் மேலாளருக்குக் குழு ஒரு தேதியையும், அதற்கேற்ற ஒரு காரணத்தையும் தயாரித்துத் தந்துவிடும்.

முதல் தவணை, 2 நாள்: எண்ணுதல், பிரித்தல், அளவீட்டைச் சந்தேகித்தல்

செக் ஷீட் (குறைகளை நிகழும்போதே குறியிட்டு எண்ணும் தாள்) எளிதாகத் தெரிவதால் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பின்னால் வரும் எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. குழுவே வடிவமைத்து, ஷாப் ஃப்ளோரில் ஒரு மணி நேரம் தானே நிரப்பிப் பார்க்கட்டும். ஒரு குறி போட 10 நொடிக்கு மேல் ஆனால் இரவு ஷிஃப்டில் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக ஊகித்துக் கோடு போட்டுவிடுவார்கள். இயந்திரம், ஷிஃப்ட், லாட், அளந்தவர் ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். பிறகு பிரித்துப் பார்க்க இவை இல்லையென்றால் சேகரித்தது வீண். "மற்றவை" கட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் வகைகளை மாற்றியமையுங்கள். கீறல், பள்ளம் போன்ற குறைகளுக்குப் பொருளின் படத்தை அச்சிட்டு அதன்மேலேயே புள்ளி வைக்கச் சொல்லுங்கள்; எந்த இடத்தில் குவிகிறது என்பது பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

குறைகளைப் பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டைகளாக அடுக்கும் பாரெட்டோ வரைபடத்தில் நடக்கும் பெரிய தவறு, எண்ணிக்கையை மட்டும் வரைவது. நம் ஷாஃப்டில் ஒரு மாதக் குறைகள் 400: பர் (ஓரத்தில் நிற்கும் பிசிறு) 168, கீறல் 92, விட்டம் குறைவு 60, ஓவாலிட்டி (வட்டம் நீள்வட்டமாவது) 44, மற்றவை 36. எண்ணிக்கைப்படி பர்தான் முதலிடம். இப்போது ஒரு முழு ஷாஃப்டின் மதிப்பை 100 அலகு என்று வையுங்கள். பர் எடுக்க 2 அலகு, கீறலைத் தேய்க்க 8, மற்றவைக்கு 10. விட்டம் குறைவும் ஓவாலிட்டியும் நேராக ஸ்கிராப், தலா 100. பெருக்கினால் பர் 336, கீறல் 736, விட்டம் குறைவு 6,000, ஓவாலிட்டி 4,400, மற்றவை 360. மொத்தம் 11,832-இல் கடைசி இடத்தருகே இருந்த இரண்டு குறைகள் சேர்ந்து 88 சதவீதம். வகுப்பில் முதலில் எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, "எதை எடுப்பீர்கள்?" என்று கை தூக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவது அட்டவணையைக் கொடுங்கள்.

இன்னொன்று: பட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்தால் அதைப் பாரெட்டோ என்று நம்பி முதல் பட்டையைப் பிடிக்காதீர்கள். வகைப்படுத்திய விதம் பொருந்தவில்லை என்று அர்த்தம். குறைவாரியாக விட்டுவிட்டு இயந்திரவாரியாக, அச்சுவாரியாக, நேரவாரியாக அடுக்கிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் முழுவதையும் அளவீட்டுக்குக் கொடுங்கள். பல பயிற்சிகளில் இது கடைசியில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அளவே தவறென்றால் பின்னால் வரும் வரைபடங்கள் எல்லாம் அழகான பொய்.

தொடக்கத்துக்கு ஓர் எளிய பயிற்சி. ஒரு பக்கத் தமிழ் உரையைக் கொடுத்து, அதில் "க்" எத்தனை என்று இரண்டு நிமிடத்தில் எண்ணச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பதினாறு பேரிடமிருந்து ஏழெட்டு வெவ்வேறு விடைகள் வரும். நூறு சதவீதப் பார்வைச் சோதனை குறைகளை நூறு சதவீதம் பிடிக்காது என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் கிடையாது.

அடுத்து உண்மையான கேஜ் (அளவைக் கருவி) ஆய்வு: 10 துண்டு, 3 பேர், ஆளுக்கு 3 முறை, மொத்தம் 90 அளவு. துண்டுகள் பல நாள்களிலிருந்து எடுத்தவையாக, உற்பத்தியின் முழுச் சிதறலையும் காட்ட வேண்டும். அடுத்தடுத்து வந்த பத்தை அள்ளிக்கொண்டு வந்தால் துண்டுகளுக்குள் வித்தியாசமே இருக்காது. நல்ல கருவியும் மோசம் என்று வரும். வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் கலைக்க வேண்டும். துண்டின் எண் அளப்பவர் கண்ணில் படக் கூடாது. ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. மொத்தச் சிதறலில் அளவீட்டின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்லது. 10 முதல் 30 வரை வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஏற்கலாம். அதற்கு மேல் போனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கருவியின் நுட்பத்தையும் பாருங்கள். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது காட்ட வேண்டும் என்பது பழைய விதி. நம் ஷாஃப்டுக்கு அது 0.01 மி.மீ. ஆனால் கன்ட்ரோல் சார்ட் போட அது போதாது. சிதறலின் திட்ட விலக்கமே (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 0.011 என்ற இடத்தில் 0.001 காட்டும் மைக்ரோமீட்டர்தான் தேவை. 0.02 வெர்னியரால் எடுத்த தரவில் புள்ளிகள் படிக்கட்டு போல இரண்டு மூன்று மதிப்புகளிலேயே நிற்கும்.

இதோடு ஒரு வீட்டுப்பாடம்: கடைந்தவுடன் சூடாக 10 ஷாஃப்டை அளந்து, ஆறிய பிறகு அதே 10-ஐ அளக்க வேண்டும். நீள அளவுகளுக்கான தரமான வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். 30 டிகிரி கூடுதலாக இருக்கும் 25 மி.மீ. ஷாஃப்ட் 0.009 மி.மீ. பெரிதாகக் காட்டும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறது.

இடைவெளி, 3 வாரம்

குழுக்கள் செக் ஷீட்டை ஓட்டி, 100-க்குக் குறையாத அளவுகளை உற்பத்தி வரிசை மாறாமல் சேகரிக்கின்றன. பயிற்றுநர் வாரம் ஒருமுறை நேரில் போக வேண்டும். தொலைபேசியில் "நன்றாகப் போகிறது" என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாம் தவணை, 2 நாள்: சிதறலைப் படித்தல்

முதல் வரைபடத்தைக் கையால் வரைய வையுங்கள். கட்டத்தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைக்கும்போதுதான் "இது மட்டும் ஏன் இங்கே?" என்ற கேள்வி எழும், மென்பொருளில் எல்லாம் ஒரே நொடியில் வந்து ஒரே நொடியில் மறந்துபோகும். இரண்டாம் நாளிலிருந்து கணினி.

ஹிஸ்டோகிராமுக்கு (எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டைப் படம்) பட்டைகளின் எண்ணிக்கை, தரவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி. 100 அளவுக்கு 10. சொல்லித்தர வேண்டியது வடிவங்களைப் படிப்பதுதான். இரண்டு உச்சி தெரிந்தால் இரண்டு இயந்திரமோ இரண்டு லாட்டோ கலந்திருக்கிறது, பிரித்து வரையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு பட்டை உயர்ந்து சீப்பு போல வந்தால், அளவைக் கருவியின் நுட்பத்துக்கேற்ப முழுமைப்படுத்தியிருக்கிறார்கள். எல்லைக் கோட்டுக்குச் சற்று உள்ளே திடீர் உயரமும், கோட்டுக்கு வெளியே வெறுமையும் இருந்தால், 24.948 வந்ததை 24.950 என்று யாரோ எழுதுகிறார்கள். இந்தக் கடைசி வடிவத்தைக் கண்டுபிடித்ததும் குழு யார் அந்த ஆள் என்று தேடத் தொடங்கும். தடுத்துவிடுங்கள். ரிஜெக்ட் எழுதினால் திட்டு விழும் இடத்தில் எல்லோருமே அப்படித்தான் எழுதுவார்கள்.

கன்ட்ரோல் சார்ட்டுக்கு முன்னால் பகடைப் பயிற்சி. டெமிங் புனல் ஒன்றை வைத்துக் காட்டியதன் மலிவான வடிவம் இது. ஜோடிக்கு இரண்டு பகடை. விழுந்த கூட்டுத்தொகையிலிருந்து 7-ஐக் கழித்தது அன்றைய பிழை; இலக்கு பூஜ்யம். முதல் 50 வீச்சில் எதையும் தொடக் கூடாது. விழுந்ததை அப்படியே வரைய வேண்டும். அடுத்த 50-இல் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் "ஆஃப்செட்டை" (லேத்தில் டூலின் நிலையைத் திருத்த வைக்கும் எண்) விலகிய அளவுக்கு எதிர்த்திசையில் திருத்த வேண்டும்: 3 கூடினால் 3 குறை. நல்ல பொறியாளர் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாவது படம் தெளிவாக அகன்றிருக்கும். நிலையான செயல்முறையை ஒவ்வொரு முறையும் முழுப் பிழைக்கும் திருத்தினால் மாறுபாடு இரட்டிக்கும்; திட்ட விலக்கம் 1.41 மடங்காகும். 20 வீச்சில் இது தெரியாமல் போகலாம், 50 போடுங்கள்.

இப்போது அவர்கள் லேத்துக்குத் திரும்பட்டும். ஆபரேட்டர் ஒவ்வொரு துண்டையும் அளந்து ஆஃப்செட்டைத் தட்டுகிறாரா? தட்டினால் தனிமதிப்புகளின் வரைபடம் ரம்பப் பல்லாக இருக்கும்: ஒன்று மேலே, அடுத்தது கீழே.

சராசரி–வீச்சு சார்ட்டுக்கு ஒவ்வொரு மணிக்கும் அடுத்தடுத்த 5 துண்டு, 25 தொகுதி. இங்கே வீச்சு என்பது ஒரு தொகுதியின் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்; கீழே வரும் 0.577, 2.114, 2.326 மூன்றும் 5 துண்டுத் தொகுதிக்கான அட்டவணை மாறிலிகள். ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டியபோது மொத்தச் சராசரி 25.004, சராசரி வீச்சு 0.026 என்று வைத்துக்கொள்வோம். சராசரிக்கான எல்லை 0.577 × 0.026 = 0.015, ஆகவே 24.989 முதல் 25.019. வீச்சின் மேல் எல்லை 2.114 × 0.026 = 0.055, கீழ் எல்லை இல்லை. திட்ட விலக்கம் 0.026 ÷ 2.326 = 0.0112. இதிலிருந்து சிபி (டாலரன்ஸின் முழு அகலத்தை 6 திட்ட விலக்கத்தால் வகுத்தது) 1.49, சிபிகே (சராசரியிலிருந்து பக்கத்து டாலரன்ஸ் எல்லைக்குள்ள தூரத்தை 3 திட்ட விலக்கத்தால் வகுத்தது) 1.37. செயல்முறை நிலையாக இருக்கும்போது மட்டுமே இந்த இரண்டு எண்களுக்கும் அர்த்தம் உண்டு. எல்லைக்கு வெளியே நான்கு புள்ளி நிற்கும்போது சிபிகே சொல்வது, காய்ச்சல் ஏறி இறங்கும் நோயாளியின் சராசரி வெப்பநிலையைச் சொல்வதுபோல.

கன்ட்ரோல் சார்ட்டில் நான்கு தவறுகள் தவறாமல் வரும். சராசரி சார்ட்டில் டாலரன்ஸ் கோட்டைப் போடுவது முதல் தவறு. 5 துண்டின் சராசரி உள்ளே நிற்கும்போது தனித் துண்டு வெளியே போயிருக்கலாம். இரண்டாவது, ஒரே தொகுதியில் நான்கு ஸ்பிண்டிலின் (துண்டைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) துண்டுகளைக் கலப்பது: ஸ்பிண்டில்களின் வித்தியாசமெல்லாம் வீச்சுக்குள் புகுந்து எல்லைகளை அகட்டும், புள்ளிகள் நடுக்கோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும், "என்ன அருமையான செயல்முறை" என்று பாராட்டுவார்கள். மூன்றாவது, ஒவ்வொரு மாதமும் எல்லைகளைப் புதிதாகக் கணக்கிடுவது. மெல்ல வரும் சரிவை அப்படியே விழுங்கிவிடும். நான்காவது, புத்தகத்தில் உள்ள எல்லா எச்சரிக்கை விதிகளையும் ஒன்றாக இயக்குவது. 3 சிக்மா (3 திட்ட விலக்க) விதி மட்டும் என்றால் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் எச்சரிக்கை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் நான்கு விதிகளையும் சேர்த்தால் சுமார் 92-க்கு ஒன்று. தொடக்கத்துக்கு இரண்டு போதும்: எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி, நடுக்கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து எட்டு.

சார்ட்டின் ஓரத்தில் குறிப்பெழுத இடம் விடுங்கள். டூல் மாற்றியது, லாட் மாறியது, மின்தடை வந்தது என்று எழுதாத சார்ட்டில் புள்ளி வெளியே போனால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

அடுத்த இடைவெளி, 4 வாரம்; பிறகு மூன்றாம் தவணை, 1 நாள்: காரணம்

மீன்முள் வரைபடத்தை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. தரவு இல்லாமல் முதல் நாளே வரைந்தால், குரல் உயர்ந்தவரின் கருத்து பெரிய முள்ளாகிவிடும். முதலில் "எங்கே உண்டு, எங்கே இல்லை" அட்டவணை: எந்த லேத்தில் வருகிறது, எதில் இல்லை, எந்த ஷிஃப்ட், எந்த விட்டம், எந்த நேரம். எதிலெல்லாம் இல்லை என்பதுதான் ஊகங்களை வடிகட்டும்.

பிறகு மனிதர், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்ற ஆறு கிளைகள். "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்காதீர்கள். அது சோதிக்க முடியாத சொல். "பயிற்சி இல்லை", "ஃபிக்ஸ்சர் இல்லை" என்பவை தீர்வுகள், காரணத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரே கேள்வி: இது பொய் என்றால் எந்தத் தரவு காட்டிக்கொடுக்கும்? பதில் இருந்தால் அட்டவணையில் ஏற்றுங்கள்: காரணம், சோதனை, செய்பவர், தேதி, முடிவு. வரைபடத்தைவிட இந்த அட்டவணைதான் முக்கியம். மேலாளர் வாரந்தோறும் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

இரண்டு மாறிகளின் தொடர்பைப் புள்ளிகளாகக் காட்டும் ஸ்கேட்டர் வரைபடத்துக்கு 30 ஜோடிகளாவது வேண்டும், 50 நல்லது. ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு மாறியை எடுத்துக்கொண்டு "தொடர்பில்லை" என்று முடிவு கட்டுவார்கள். அது மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே நகர்ந்திருந்தால் தொடர்பு தெரியாது. இயந்திரங்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுங்கள்.

ஐந்து ஏன் (ஒவ்வொரு பதிலுக்கும் மீண்டும் "ஏன்?" என்று கேட்டுக் காரணத்தின் ஆழத்துக்கு இறங்கும் முறை): கீழே இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் வேண்டும்; எழுதி முடித்ததும் கடைசியிலிருந்து "ஆகவே" போட்டு மேலே வாசித்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் இடறினால் அங்கே ஒரு படி குறைகிறது. நம் ஷாஃப்டில்: விட்டம் ஏன் குறைந்தது? சராசரி 24.995-க்கு இறங்கி, சிதறலும் 0.0158 ஆகக் கூடியிருந்தது. சராசரி ஏன் இறங்கியது? சூடான துண்டை அளந்து ஆஃப்செட் வைத்தார்கள், ஆறியதும் 0.009 குறைந்தது. சூடாக ஏன் அளந்தார்கள்? வேலை அறிவுறுத்தலில் ஆறவைக்கும் நேரம் இல்லை. ஏன் இல்லை? அந்தப் படிவத்தில் அளவீட்டு நிபந்தனைக்கு இடமே இல்லை. சிதறலுக்கு இன்னொரு கிளை: ஒவ்வொரு துண்டுக்கும் ஆஃப்செட் தட்டினார்கள், 0.0112 என்பது 1.41 மடங்கானது. இரண்டும் சேர்ந்தால் கீழ் எல்லை சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கத் தூரத்தில் நிற்கும். அதற்கு வெளியே விழுவது சுமார் 0.22 சதவீதம், 30,000-இல் 65. எண்ணியது 60. காரணம் பிரச்சினையின் அளவையும் விளக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை மட்டும் விளக்கும் காரணத்தோடு குழு திருப்தியடைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஐந்து ஏனை இரண்டு முறை கேட்க வேண்டும்: குறை ஏன் உண்டானது, உண்டான இடத்திலேயே ஏன் பிடிபடவில்லை. இரண்டாவதைப் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடும்.

காரணம் உறுதி என்று சொல்லக் குறையை விருப்பப்படி வரவழைக்கவும் நிறுத்தவும் முடிய வேண்டும். அதற்கு எளிய சோதனை: பழைய முறையில் 3 பேட்ச், புதிய முறையில் 3 பேட்ச், வரிசையைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். புதிய மூன்றும் பழைய மூன்றையும்விட நன்றாக வந்தால், அது தற்செயலாக நேர 20-இல் 1 வாய்ப்பு மட்டுமே. ஒன்றே ஒன்று கலந்து வந்தாலும் இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. சீட்டுப் போடாமல் திங்கள் முதல் புதன் வரை பழையது, பிறகு புதியது என்று ஓட்டினால், வியாழனன்று மாறிய பொருளின் லாட்டுக்குப் பாராட்டு விழா நடத்தியதாக ஆகலாம்.

திருத்தமும் காவலும்

"ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது", "எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டது" என்பவற்றைத் தீர்வாக ஏற்காதீர்கள். நம் குழு செய்ய வேண்டியது: துண்டைத் தடித்த எஃகுத் தட்டின்மேல் ஆறவைத்து அளக்கும் இடம், எவ்வளவு நேரத்தில் அளவு நகர்வது நிற்கிறது என்று அளந்தே முடிவுசெய்த காத்திருப்பு, சார்ட் சொன்னால் மட்டும் ஆஃப்செட் மாற்றும் விதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையெழுத்துப் பதிவேடு, படிவத்தில் அளவீட்டு நிபந்தனைக்கு ஒரு கட்டம்.

"இனி வரவில்லை" என்று எப்போது நம்பலாம்? முன்பு இருந்த வேகத்தில் 3 குறை வந்திருக்க வேண்டிய காலம் முழுவதும் பூஜ்யமாகக் கழிந்தால், வேகம் மாறாமலேயே அப்படி நேரும் வாய்ப்பு 5 சதவீதம்தான். மாதம் 60 வந்ததற்கு ஒன்றரை நாளிலேயே தெரிந்துவிடும். மாதம் 2 வந்ததற்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வாரமே கேக் வெட்டக் கூடாது.

தேர்வு எப்படி

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஆளுக்கு 100 அளவுகளைக் கலைந்த தாளாகக் கொடுங்கள். இரண்டு இயந்திரத்தின் தரவு கலந்திருக்கட்டும், ஓர் இடத்தில் டூல் மாறியிருக்கட்டும், ஒரு மதிப்பு எல்லையோரமாகத் திருத்தப்பட்டிருக்கட்டும். 90 நிமிடம். மூன்றில் இரண்டைக் கண்டுபிடித்து, அடுத்து எந்தத் தரவைக் கேட்பேன் என்று எழுதியவர் தேறியவர். மேலாளருக்கும் தேர்வு உண்டு: 12-ஆம் வாரம் அவர் நடத்தும் மதிப்பாய்வில் பயிற்றுநர் ஓரமாக உட்கார்ந்து கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆள் யார் என்று எத்தனை முறை கேட்டார், ஆதாரம் எது என்று எத்தனை முறை கேட்டார் என்று எண்ணிக் காட்டினால் போதும்.

ஆறாம் மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், இரவு ஷிஃப்டில் போய் லேத் பக்கத்தில் இருக்கும் ஆஃப்செட் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேராகச் சார்ட்டில் ஒரு புள்ளி எல்லையைத் தாண்டியிருக்கவோ, எட்டுப் புள்ளி ஒரே பக்கம் நின்றிருக்கவோ வேண்டும். பதிவேடு பல நாளாகக் காலியாக இருந்து சார்ட்டும் மறுபடி ரம்பப் பல்லாக மாறியிருந்தால், ஆஃப்செட்டை எழுதாமல் தட்டுகிறார்கள். அப்போது அழைத்துப் பேச வேண்டியது ஆபரேட்டரை அல்ல, வார மதிப்பாய்வை எப்போது நிறுத்தினார் என்று மேலாளரை.